கஷாயத்திலிருந்து வந்த வைத்தியரா?

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் சீனர் பேட்டையில், ரோயல் தெருவை ஒட்டி ஒரு பழைய மருந்துக் கடை இருக்கிறது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு மூன்று சீன எழுத்துகள். அக்காவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கப் போனபோது அவள் மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினைந்து வயது. அவனுக்குச் சீனம் ஓர் எழுத்தும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நடு வரிசையில் ஓர் இழுப்பறையைத் தொட்டு, "மாமா, இது பைஜு!" என்றான்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவன் சொன்னது சரி. அந்த இழுப்பறையில் எழுதியிருந்ததும், அவன் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடும் விளையாட்டில் ஒரு வைத்தியரின் பெயரும் ஒன்றேதான்.

விளையாட்டு கென்ஷின் இம்பேக்ட். ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. அதில் லியுவே என்று சீனச் சாயலில் ஒரு துறைமுக நகரம் உண்டு. அங்கே மருந்துக் கடை நடத்துபவர் பைஜு. பச்சைத் தலைமுடி, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் சுற்றிக்கொண்டு பேசும் ஒரு வெள்ளைப் பாம்பு. ஊரார் நோயைத் தீர்ப்பவர். அவர் உடம்போ நோஞ்சான். தொடக்கத்திலிருந்தே கதையில் தலைகாட்டினாலும், ஆடுபவர்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ள 2023 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மருமகனும் காத்திருந்தவன்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவன் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது இந்தக் கட்டுரை. "அந்த மருந்தைக் குடிப்பாங்களா மாமா? அப்போ அவருக்குத் தீசான் பேரையா வச்சிருக்காங்க?" எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்டான். எங்கள் குடும்பத்தில் தமிழை நாள் முழுக்கப் புழங்குகிறவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லிக்கொடுத்துத்தானே பிழைக்கிறேன். தீசான் என்பது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த சொல். இலை, வேர், பட்டை எதையாவது கொதிக்கவைத்துக் குடித்தால் அது தீசான்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். அவன் கைப்பேசியில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்ததும் நான் "பைழு" என்று படித்தேன். தமிழன் வேறு எப்படிப் படிப்பான்? கனிமொழி, கோழிக்கோடு என்று எழுதி எழுதி, z, h என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துப் பார்த்தாலே நாக்கு ழகரத்துக்கு வளைந்துவிடுகிறது. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதச் சீனர்கள் 1958இல் ஏற்றுக்கொண்ட பின்யின் முறையிலோ அதே கூட்டெழுத்து வேறோர் ஒலிக்கு உரியது: நாவை மடித்துச் சொல்லும் ஒருவகை ஜகரம். நாவை மடிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. தமிழில் "பைஜு" என்று எழுதினால் கேரளத்து ஆள் போலத் தோன்றுவார். வேறு வழியில்லை, அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒலியை விட எழுத்துதான் இங்கே பெரிய சாட்சி. பெயரில் இரண்டு எழுத்து. முதலாவது வெண்மையைக் குறிப்பது. சிக்கல் இரண்டாவதில். சீன அரசு எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது, தனித்தனியாக இருந்த இரண்டு எழுத்துகள் ஒரே வடிவத்தில் வந்து விழுந்தன. ஒன்று "ஷு", கலை அல்லது வித்தை என்று பொருள். மற்றொன்று "ஜு", ஒரு மூலிகை வேரின் பெயர். ஆகவே எளிய எழுத்தில் மட்டும் பார்த்தால் "வெண்வித்தை" என்ற பெயரோ என்றுகூட ஒருவர் வாதிடலாம். மந்திரமும் மாயமும் உள்ள விளையாட்டில் வைத்தியருக்கு அது பொருந்தாத பெயரும் இல்லை.

அந்த வாதம் எல்லை தாண்டியதும் உடைகிறது. தைவான், ஹாங்காங் வாசகர்களுக்கான பழைய எழுத்து வடிவத்தில் இரண்டும் இன்னும் தனித்தனி எழுத்துகள்தான். அந்தப் பதிப்பில் இவர் பெயரில் இருப்பது மூலிகையின் எழுத்து. கொரியப் பதிப்பில் "பெக்ச்சுல்". வித்தையின் எழுத்தாக இருந்திருந்தால் கொரிய மொழியில் "பெக்ஸுல்" என்று வந்திருக்கும், கடைசி அசையில் மெய் வேறு. ஜப்பானியப் பதிப்பில் "ப்யாகுஜுட்சு". ஜப்பானிய மருந்துக் கடைகளில் அந்த வேருக்கு வழங்கும் பெயர் அதுவே. மூன்று மொழிக்காரர்கள் ஒரே இழுப்பறையைத் திறந்திருக்கிறார்கள் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. பெயர் வேரிலிருந்து வந்ததுதான்.

அக்கம்பக்கத்துப் பெயர்களும் அதையே சொல்கின்றன. வைத்தியரின் கழுத்துப் பாம்புக்குப் பெயர் சாங்ஷெங், அதாவது நீடித்த ஆயுள். கடையில் வேலை செய்யும் சிறுமியின் பெயர் சீச்சீ, "ஏழேழு". செத்து எழுந்து வந்த பிள்ளை அவள். சீன வழக்கில் இறந்தவருக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை என ஏழு தடவை, நாற்பத்தொன்பதாம் நாள் வரை சடங்கு செய்வார்கள். நம் வீடுகளில் பதினாறாம் நாள் இருப்பதைப் போல. அந்தக் கணக்கையே பிள்ளைக்குப் பெயராக வைத்த ஆட்கள், பக்கத்தில் நிற்கும் வைத்தியருக்குக் குருட்டாம்போக்கில் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. பைஜுவுக்கு உரியது சுரைக்குடுக்கை. சீனத்தில் வைத்தியர் என்றாலே சுரைக்குடுக்கைதான். கடை வாசலில் குடுக்கையைத் தொங்கவிட்டு மருந்து விற்ற கிழவரைப் பற்றி ஹான் காலத்துக் கதை ஒன்று இருக்கிறது. மருத்துவத் தொழிலுக்கே "குடுக்கை தொங்கவிடுதல்" என்று பெயர் ஆகிவிட்டது.

சரி, வேரைப் பார்ப்போம். எங்கள் ஆர்வத்தைப் பார்த்துக் கடைக்காரர் இழுப்பறையை இழுத்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். வெட்டிக் காயவைத்த சுக்குச் சில்லு என்றே முதலில் தோன்றும். மஞ்சள் கலந்த வெள்ளை, ஓரம் கோணல்மாணல். வெட்டு முகத்தில் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். எண்ணெய் தங்கியிருக்கும் இடங்கள் அவை. மூக்கருகே கொண்டுபோனால் மண்வாசத்தோடு ஓர் இனிப்பு. கடித்தால் தித்திப்பு முன்னால் வந்து, பின்னால் இலேசான காரம் வரும், பல்லில் கொஞ்சம் ஒட்டும். கடிக்கச் சொன்னதும் அவர்தான். மருமகன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மென்றான். விழுங்கவில்லை.

செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் அட்ராக்டிலோடெஸ் மாக்ரோகெஃபாலா. மண்ணுக்கடியில் முண்டுமுண்டாகத் திரளும் கிழங்குத்தண்டுதான் மருந்து. சீனத்தின் கிழக்குக் கரையில் உள்ள ஜெஜியாங் மாகாணம் இதற்குப் பேர்போனது. அந்த மாகாணத்தின் புகழ்பெற்ற எட்டுச் சரக்குகளில் இதுவும் ஒன்று. மிகப் பழைய மருந்து நூலில் "ஜு" என்று ஒரே பெயர்தான் இருந்தது. வெள்ளை வகையையும் சிவப்பு வகையையும் பிரித்துச் சொன்னவர் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தாவோ ஹொங்ஜிங். வெள்ளையை எதற்குக் கொடுப்பார்கள்? பசி மந்தம், வயிற்று உப்புசம், உடல் அசதி, காரணமில்லாமல் வழியும் வியர்வை. பச்சையாகவும் போடுவார்கள், கோதுமைத் தவிட்டோடு சேர்த்து, மஞ்சளாகி மணம் வரும்வரை வறுத்தும் போடுவார்கள். வறுத்தது வயிற்றுக்கு இதம் என்பது அவர்கள் கணக்கு. சுக்கைச் சுட்டுத் தோல் சீவிப் போடும் நம் பாட்டிகளுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இனி மருமகன் கேட்ட கேள்வி: வேர் எப்போது பானம் ஆகிறது?

சீன மருத்துவத்தில் மருந்தைக் கொதிக்கவைத்து இறக்கும் நீருக்கு "தாங்" என்று பெயர். உணவு விடுதியில் கிண்ணத்தில் வரும் சூப்புக்கும் அதே சொல். நம்மிடம் குடிநீர் என்றால் தண்ணீர்தான். சித்த மருத்துவரிடம் போனால் அதுவே நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்று கஷாயமாகிவிடும். ரசத்துக்கும் மருந்துக்கும் நடுவே கோடு போட முடியாத சமூகங்கள் நாம் இரு பக்கமும்.

பைஜு வேர் சேரும் கஷாயங்களில் மிகப் புகழ்பெற்றது "நான்கு கனவான்கள் கஷாயம்". ஜின்செங், பைஜு, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சை, நமக்குப் பழக்கமான அதிமதுரம். சோங் காலத்தில் அரசு மருந்தகம் தொகுத்த செய்முறைகளில் வருகிறது. நான்குமே உடம்பை உலுக்காமல் மெதுவாக வேலை செய்பவை என்பதால் கன்ஃபூசியஸ் சொன்ன பண்பாளர்களின் பெயரை வைத்தார்கள். விளையாட்டில் வரும் பைஜுவும் குரலை உயர்த்தாமல், பணிவாக, புன்னகையோடு பேசுபவர். அந்தப் புன்னகையின் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆடுபவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அது வேறு கதை.

என்னை யோசிக்கவைத்தது இன்னொரு மருந்து. "பச்சைக்கல் காற்றுத்தடுப்பு" என்று பெயர் கொண்ட பொடி. வெளியிலிருந்து வரும் காற்றும் குளிரும் உடம்புக்குள் நுழையாதபடி மறைப்பாக நிற்பதாம். சரக்கு மூன்றுதான்: ஹுவாங்ச்சீ, பைஜு, ஃபாங்ஃபெங். இப்போது விளையாட்டில் இவர் செய்யும் வேலையைப் பாருங்கள். ஒன்று, தோழர்களின் காயத்தை ஆற்றுகிறார். இரண்டு, அவர்களைச் சுற்றி ஒரு கவசத்தை எழுப்புகிறார். கவசம் முடியும்போதெல்லாம் கொஞ்சம் உயிர்ச்சக்தி ஏறும். ஊட்டம் தருவது ஒரு கஷாயம், மறைப்பாக நிற்பது ஒரு பொடி, இரண்டிலும் இந்த வேர். வடிவமைத்தவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. விளையாட்டில் வைத்தியர் என்றாலே ஆற்றுவார், காப்பார். ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

ஆக, பெயருக்கும் வேருக்கும் உள்ள தொடர்பு உறுதி. வேருக்கும் கஷாயத்துக்கும் உள்ள தொடர்பு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். பெயருக்கும் இன்ன கஷாயத்துக்கும் தொடர்பு என்பது நாம் கட்டும் பாலம். ஜப்பானியர் கட்டினால் அந்தப் பாலம் வேறு கரையில் இறங்கும். அங்கே புத்தாண்டுக் காலையில் குடும்பத்தோடு அருந்தும் "தோசோ" என்ற மூலிகை மதுவிலும் இந்த வேர் சேர்கிறது. ஒரு ஜப்பானியப் பிள்ளைக்கு அந்தப் பெயர் மருந்தை நினைவூட்டாமல் பண்டிகையை நினைவூட்டலாம்.

ஒலி ஒத்துப்போனதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதை இந்தத் தீவுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் குடும்பப் பெயர்களையே பிரெஞ்சுக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போனார்கள். சமையல்கட்டுச் சொற்கள் இன்னும் வேடிக்கை. கொத்தமல்லி "கொத்தோமிலி" ஆயிற்று, கறிவேப்பிலை "கரிப்பூலே", முருங்கைக் கீரை "பிரேத் முரூம்". ரசம்? "ராசோன்". கேட்டால் பிரெஞ்சுப் பண்டம் என்றே தோன்றும். அது ரசம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? கிண்ணத்தில் இருப்பது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி ஒலியின் ஒழுங்கு. போர்ட் லூயிசில் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலை ஊரார் அழைப்பது "கைலாசோன்" என்று. கைலாசம் கைலாசோன் ஆனதுபோலவே ரசம் ராசோன் ஆனது. ஈற்றில் உள்ள அம், பிரெஞ்சு மூக்கொலிக்குள் புகுந்து ஓன் ஆக வெளியே வந்திருக்கிறது. இப்படி ஒரே மாற்றம் இரண்டு இடத்தில் நடந்திருந்தால்தான் அதற்குப் பெயர் ஆதாரம். அதே கோயிலின் முழுப் பெயரில் சொக்கலிங்கம் மட்டும் மகரத்தோடு தப்பித்துக்கொண்டது. எழுத்தில் உறைந்த பெயருக்கு ஒரு விதி, வாயில் உருண்ட பெயருக்கு ஒரு விதி.

தீசான் என்ற சொல்லுக்கே ஒரு பயணக் கதை உண்டு. கிரேக்கத்தில் "ப்டிசானே" என்றால் குத்திப் புடைத்த வாற்கோதுமை, அதைக் காய்ச்சிய கஞ்சி. ஹிப்போகிராட்டஸ் மரபு மருத்துவர்கள் காய்ச்சல்காரருக்கு அதைத்தான் கொடுக்கச் சொன்னார்கள். அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் "தீசான்" ஆகி, கப்பலேறி இங்கே வந்தது. வரும் வழியில் வாற்கோதுமை கழன்று விழுந்துவிட்டது. போர்ட் லூயிஸ் பசாரில், இன்ன நோய்க்கு இன்ன கட்டு என்று அட்டையில் எழுதிவைத்து விற்கும் தீசான்காரரிடம் போய் வாற்கோதுமை கேளுங்கள், மளிகைக் கடையைக் காட்டுவார். அவரிடம் வயிற்றுக்கு அயாபானா இருக்கும். அந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பெயரும் அந்தக் காட்டு மக்களின் மொழியிலிருந்து வந்தது. கிரேக்கச் சொல்லுக்குள் அமேசான் இலை. அதைக் குடிப்பவர் தமிழர்.

மற்ற விளையாட்டுகளையும் கொஞ்சம் துழாவினேன். ஒப்பிட நல்லது, வேலோரன்ட் விளையாட்டில் வரும் சேஜ். அவளும் ஆற்றுபவள், அவளும் சுவர் எழுப்பிக் காப்பவள், அவளும் சீனாக்காரி. சேஜ் என்பது ஐரோப்பியர் கொதிக்கவைத்துக் குடிக்கும் ஒரு மூலிகையின் பெயரும்கூட. பார்த்தீர்களா, பிடித்துவிட்டோம் என்று குதிக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் ஞானி என்று பொருள்படும் சேஜ் ஒரு லத்தீன் வேரிலிருந்தும், மூலிகை சேஜ் இன்னொரு லத்தீன் வேரிலிருந்தும் வந்தவை. எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயல். பைஜு விஷயத்தில் எழுத்தைப் பிரித்துக் காட்ட தைவானும் கொரியாவும் இருந்தன. இங்கே ஆங்கில எழுத்து மட்டும் அப்படிப் பிரித்துக் காட்டாது. துறவி போன்ற அவள் தோரணைக்கு ஞானி என்பதே பொருந்துகிறது. இலையை ஒட்டவைக்க வேறு பிடி கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1995இல் வந்த ஜப்பானிய விளையாட்டு குரோனோ டிரிகரில் மூன்று வில்லன்களுக்கு மூலத்தில் வினிகர், சோயா சாஸ், மயோனைஸ் ஆகியவற்றைத் திரித்த பெயர்கள். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஆஸி, ஸ்லாஷ், ஃப்ளீ என்று ராக் இசைக்காரர்களை நினைவூட்டும் பெயர்களாக மாற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஆடியவருக்கு அந்தச் சாப்பாட்டு மேசை தெரியவே தெரியாது.

மூலிகைப் பெயரை மனிதருக்கு வைப்பது சீனருக்கு மட்டும் உரிய வேடிக்கை என்று மருமகன் நினைத்திருந்தான். அவனுக்கு நம் பதினெண்கீழ்க்கணக்கைச் சொன்னேன். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்து திரிகடுகம். பாட்டுக்கு மூன்று கருத்து சொல்லும் நீதி நூலுக்கும் அதுவே பெயர். ஏலம் முதலான ஆறு சரக்கு சேர்ந்தது ஏலாதி. பாட்டுக்கு ஆறு கருத்து. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகியவற்றின் வேர்கள் ஐந்து, அது சிறுபஞ்சமூலம். நோய் தீர்க்கும் கலவையின் பெயரை நூலுக்குச் சூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், விளையாட்டு வைத்தியருக்கு வேரின் பெயரைச் சூட்டுவதைப் பார்த்து ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? துளசி என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்.

கடையிலேயே அவன் ஒரு பொட்டலம் வேண்டும் என்று அடம்பிடித்தான். கடைக்காரர் தரவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார், பார்த்தார், "உனக்கு இது வேண்டாம், தூங்கு போதும்" என்றார். இவனும் விடாமல் கைப்பேசியில் அந்த வைத்தியரின் படத்தைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். வேர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த பாம்பைக் காட்டி, "இது இருக்கவேண்டிய இடம் சாராய ஜாடி" என்றார்.

அன்றிரவு அக்கா ராசோன் வைத்திருந்தாள், மிளகு தூக்கலாக. இந்த விளையாட்டு என்றைக்காவது தமிழுக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று பேச்சு வந்தது. கொரியருக்கும் ஜப்பானியருக்கும் சீன எழுத்து கைவசம் இருந்ததால் ஒலியை விட்டாலும் வேர் தங்கியது. நமக்கு அந்த வசதி இல்லை. பைஜு என்றே வைத்தால் ஒலி மிஞ்சும், மருந்து போய்விடும். மருந்து மிஞ்ச வேண்டுமானால் வயிற்றுக்கு நல்லதாக, வேரிலிருந்து வருவதாக, எல்லார் வீட்டிலும் இருப்பதாக ஒன்றைத் தேடவேண்டும். சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை என்று நான் பழமொழியை எடுத்துவிட்டேன். காவடி எடுக்கும் பிள்ளை, பின்பாதியை ஒத்துக்கொண்டான்.

"சுக்குன்னு பேர் வச்சா அந்த ஆளை யார் மாமா டீம்ல எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி ராசோன் ஊற்றிக்கொண்டான்.